சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விடும். பாதிக்குப் பாதி கைக்குழந்தைகளும் அங்கன்வாடிக்குப் போகிற வயதுப் பிள்ளைகளும்தான். சொல்லும் விவரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருக்கு சிஸ்டர்." "ராத்திரி பூரா கர்ரு கர்ருன்னு சத்தம்." "மூக்குச் சளி பச்சையா வருது." "காய்ச்சல் நூத்திரண்டு அடிக்குது."

இவ்வளவும் சொல்கிறவர்கள் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நாம் கேட்டால்தான் யோசிக்கிறார்கள். குழந்தைகள் வார்டிலும் இங்கேயுமாகச் செவிலியர் வேலை பார்த்து வருகிற எனக்கு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லத் தோன்றுவது இதுதான்: சளியின் நிறத்தைப் பார்க்க வேண்டாம், இருமலின் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சளியா, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நுரையீரல் தொற்றான நிமோனியாவா என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது.

சிறு குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அங்கன்வாடியிலோ பிளே ஸ்கூலிலோ சேர்த்த முதல் வருடம் இன்னும் கூடுதலாகவே வரும். இதில் பெரும்பாலானவை ரைனோ வைரஸ், ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்ஸா போன்ற வைரஸ்களின் வேலை. மூக்கு, தொண்டை, காது என்று மூச்சுப்பாதையின் மேல்பகுதியோடு நின்று, தானாக வந்தது தானாகவே போய்விடும். எப்போதோ ஒருமுறைதான் தொற்று கீழே இறங்கி நுரையீரலைப் பிடிக்கிறது. அந்த எப்போதோ ஒருமுறைக்குத்தான் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒவ்வொரு ஆண்டும் பறிகொடுக்கிறோம். நிமோனியாவுக்கு மருந்து இல்லாமல் போனதால் இவ்வளவு சாவு இல்லை. சாதாரணச் சளி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நேரம் கடந்துவிடுவதும், வந்து சேரும் இடத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் போவதும்தான் பெரிய காரணங்கள்.

மூச்சு ஏன் வேகமாகிறது என்று தெரிந்துகொண்டால் எண்ணுவதில் நம்பிக்கை வரும். நுரையீரலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான காற்றுப் பைகளில் தொற்றினால் நீரும் சீழும் சேரும்போது நுரையீரல் விறைத்துப் போகிறது. புதுப் பலூனை முதல்முறை ஊதும்போது எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறதோ அதே பாடுதான் அந்தப் பிஞ்சுக்கு ஒவ்வொரு மூச்சிலும். ஆழமாக இழுக்க முடியாது. அதனால் சின்னச் சின்ன மூச்சாக, சீக்கிரம் சீக்கிரமாக இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். சாதாரணச் சளியில் இது நடப்பதில்லை. மூக்கு அடைத்திருக்கலாம், தொண்டை கரகரக்கலாம், ஆனால் நுரையீரல் பஞ்சு போல இருப்பதால் மூச்சு எண்ணிக்கை பெரிதாக ஏறாது.

நெஞ்சில் கை வைத்தால் உணரும் கர்ரு கர்ரு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மாக்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான். குழந்தையின் நெஞ்சு மெல்லியது. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியின் அதிர்வு அப்படியே நெஞ்சுக்குக் கடத்தப்படும். தோளில் போட்டால் நம் கைக்குத் தெரியும். நெஞ்சே அடைத்துக்கிடப்பது போலத் தோன்றும். மூக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள், பல சமயம் அந்தச் சத்தமே காணாமல் போயிருக்கும்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இந்த மூன்று எண்களையும் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி மருமகளோடு வந்திருந்தார். மருமகள் மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. "போன தடவை குடுத்த அதே டானிக்கைக் குடுங்க சிஸ்டர், அதுலயே கேட்டுச்சு" என்றார் பாட்டி. குழந்தை இருமவே இல்லை. காய்ச்சல் 100 சொச்சம்தான். ஆனால் பால் குடிக்க வாய் வைப்பதும் விடுவதுமாக இருந்தது. அவர்களை ஓரமாக பெஞ்சில் உட்கார வைத்து, குழந்தை சிணுங்கல் அடங்கும் வரை காத்திருந்து, சட்டையை மார்புக்கு மேல் ஏற்றிவிட்டேன். ஃபோனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு வயிறு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பாட்டியையும் கூட எண்ணச் சொன்னேன். நிமிடம் முடியும்போது 64. இரண்டாம் தடவையும் அறுபதைத் தாண்டியது. அதோடு, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. பாட்டிக்கு அதை விரலால் காட்டினேன். "அய்யோ, இதை நான் பார்க்கவே இல்லையே" என்றவர் அதற்குப் பிறகு டானிக்கைப் பற்றிப் பேசவில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் பார்த்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம்தான். டாக்டர் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லி 108-ல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அதே வரிசையில் பின்னாலேயே ஒரு மூன்று வயதுப் பையன். இருமல் சத்தம் கட்டடமே அதிரும் அளவுக்கு, காய்ச்சல் 102, மூக்கில் பச்சைச் சளி. மூச்சு எண்ணினால் 30. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் மருந்துச் சீட்டைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் மருந்தும், என்னென்ன தெரிந்தால் திரும்ப வர வேண்டும் என்ற விவரமும் போதுமாக இருந்தது.

எண்ணும்போது இரண்டு மூன்று விஷயங்கள் முக்கியம். பிள்ளை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தூங்கும்போது எண்ணுவது இன்னும் நல்லது. காய்ச்சல் கொதிக்கும்போது மூச்சு கொஞ்சம் வேகமாகவே இருக்கும். காய்ச்சல் மருந்து கொடுத்து இறங்கிய பிறகு இன்னொரு முறை எண்ணலாம். ஆனால் பிள்ளை சோர்ந்து கிடந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற குறுக்குவழி இங்கே ஆகாது. பச்சிளம் குழந்தைகள் சில விநாடி வேகமாக மூச்சு விடும், சில விநாடி நிறுத்தியது போல இருக்கும், மறுபடி தொடங்கும். முழு நிமிடம் எண்ணினால்தான் உண்மை தெரியும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு முறையும் எண்ணி உறுதிப்படுத்த வேண்டும்.

இந்த எண்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் பெருமை. 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் பப்புவா நியூ கினியின் கோரோக்கா என்ற மலைநாட்டு ஊரில் ஃப்ராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். நிமோனியாவில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த இடம். கிராமங்களில் எக்ஸ்-ரே கிடையாது, டாக்டரும் கிடையாது. ஸ்டெதாஸ்கோப் இல்லாத சுகாதாரப் பணியாளர் எதைப் பார்த்து நிமோனியா என்று முடிவுசெய்வது? மூச்சின் வேகத்தையும் நெஞ்சு உள்வாங்குவதையும் பார்த்தாலே போதும் என்று அவரும் சகாக்களும் 1984-ல் எழுதினார்கள். நிமிடத்துக்கு 50 என்ற கோடு அங்கிருந்து வந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1988-ல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்ட குழுவினர் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இருமலோடு வந்த குழந்தைகளை வரிசையாகப் பார்த்து, எந்த அறிகுறி நிமோனியாவைச் சாதாரணச் சளியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் 40 என்று வயதுக்கு ஏற்றபடி கோட்டை மாற்றினால் இன்னும் சரியாகப் பிடிக்கலாம் என்று அவர்களுடைய கணக்கு காட்டியது. பெரிய பிள்ளைகள் இயல்பாகவே மெதுவாக மூச்சு விடுபவர்கள். அவர்களுக்கும் 50 என்று வைத்தால் பல நிமோனியாக்கள் கையைவிட்டு நழுவிவிடும். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 50-ம் 40-ம் இடம்பிடித்தன. ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு கிராமத்தில் இன்றைக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் குழந்தையின் வயிற்றைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தால், அவர் மனதில் இருக்கும் எண்ணில் வேலூர் வார்டுகளில் இருமிய குழந்தைகளின் மூச்சும் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார்கள். காடும் பழங்குடிக் கிராமங்களும் நிறைந்த மாவட்டம் அது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் மூச்சைப் பார்த்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கவும், வாய்வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மருத்துவச்சிகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐம்பது, அறுபது என்று எண்ணிக்கொண்டு போவதும் சிரமம். அதற்காக ஒரு எளிய கருவி செய்தார்கள். ஒரு நிமிடத்தில் மணல் கீழே இறங்கிவிடும் குடுவை ஒன்று, பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும், மறுபடி ஒன்றிலிருந்து பத்து. மணல் தீருவதற்குள் சிவப்பு மணியைத் தள்ள வேண்டி வந்தால் நிமோனியா. அவ்வளவுதான். பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். 1990-ல் லான்செட்டில் வெளியான அவர்களது ஆய்வில், இப்படிச் சிகிச்சை பெற்ற நிமோனியாக் குழந்தைகளில் இறந்தவர்கள் 0.8 சதவீதம். இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களில் 13.5 சதவீதம். அந்த மருத்துவச்சிகளை நினைத்தால், கையில் ஃபோனும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்திருக்கிற நமக்கு இது முடியாத காரியமே இல்லை என்று தோன்றும்.

எண்ணிக்கைக்கு அடுத்து நெஞ்சு உள்வாங்குவது. மூச்சை இழுக்கும்போது மார்பு வெளியே விரிய வேண்டும். நுரையீரல் ரொம்பவும் விறைத்துவிட்டால், பலமாக இழுக்கும் வேகத்தில் இன்னும் உறுதியாகாத கீழ் விலாப் பகுதியே உள்ளே போய்விடுகிறது. இதை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், குழந்தை மடியில் மல்லாந்து கிடக்க வேண்டும். கழுத்தை மடித்து உட்கார வைத்தால் வயிறு மடிந்து ஏமாற்றும். இன்னும் முற்றினால் மூக்கு மடல் விரிந்து விரிந்து சுருங்கும், மூச்சுக்கு மூச்சு தலை ஆடும், ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் முனகல் கேட்கும். அந்த முனகலை வலியில் அழுவதாக நினைத்துவிடுகிறார்கள். காற்றுப் பைகள் மூடிப் போகாமல் இருக்கத் தொண்டையை இறுக்கிக் காற்றைப் பிடித்து வைக்கும் முயற்சியில் வரும் சத்தம் அது.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியவில்லை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது, உதடோ நாக்கோ நீலம் பாய்ந்திருக்கிறது, அமைதியாக இருக்கும்போதே மூச்சை உள்ளிழுக்கையில் (மூக்குச் சளியின் கர்ரு கர்ரு இல்லை) கடுமையான கரகரப்புச் சத்தம் வருகிறது. இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு என்றால் இன்னும் உஷார் வேண்டும். அதற்கு இருமலோ காய்ச்சலோ வராமலேயே இருக்கலாம், உடம்பு சில்லிட்டுக்கூடப் போகலாம். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பாலை மறுத்தாலே போதும், கிளம்பிவிடுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு நிறைய வீடுகளில் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. பெரியவர்களின் விரலுக்காகச் செய்தது அது, கைக்குழந்தையின் விரலில் நிற்காது, தப்பான எண்ணைக் காட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் போடுவதானாலும் கை சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக நெஞ்சில் விழும் பள்ளத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

நிமோனியாதான் என்று முடிவானால், துவண்டு போகாத, குடிக்க முடிகிற குழந்தைக்குப் பெரும்பாலும் அமாக்ஸிசிலின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தே முதல் தேர்வு. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் எழுதித் தருவார். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்ற பேச்சை நான் தினமும் கேட்கிறேன். குடிக்க முடிகிற பிள்ளைக்கு ஊசி எந்த விதத்திலும் உசத்தி கிடையாது. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொல்வோம். மூச்சு குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்குத்தான் அது. நன்றாகிவிட்டது என்று நடுவிலேயே பாட்டிலை மூடி அலமாரியில் வைத்து, அடுத்த சளிக்கு எடுத்து ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது சாதாரணச் சளிக்கு வருகிறேன், ஏனென்றால் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பச்சை நிறம் என்பது நம் உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்த தடயம், ஆன்டிபயாட்டிக்குக்கான அழைப்பு இல்லை. இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியாததால்தான் நான்காம் நாளே வேறு டாக்டர், ஆறாம் நாள் வேறு மருந்து என்று அலைகிறோம். குழந்தைகளின் இருமலை ஆராய்ந்தவர்கள் சொல்வது: பாதிப் பேருக்கு 10 நாளில் சரியாகும், பத்தில் ஒன்பது பேருக்கு 25 நாளில். ஆக, பத்தாம் நாளும் இருமுகிறது என்பது மட்டுமே பயப்படும் சேதி இல்லை. ஆனால் நம் நாட்டில் காசநோய் இருக்கிறது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலையும், எடை இறங்குவதையும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இருமல் சிரப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். சாதாரணச் சளி, இருமலுக்கு வாங்கிய மருந்து அது. அந்தச் சளி தானாகவே சரியாகியிருக்கும். அந்தச் சம்பவத்தை ஒட்டி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. விஷம் கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அது தூக்கத்தையும் படபடப்பையும் கொடுக்குமே தவிர நோயைச் சீக்கிரம் போக்காது. மெடிக்கல் ஷாப்பில் "குழந்தைக்குச் சளி, ஏதாவது குடுங்க" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? அடைத்த மூக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் என்ற உப்புநீர்ச் சொட்டு. பால் கொடுப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் முன்னால் விட்டு, சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பெரிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ரசம், கஞ்சி, எது இறங்குகிறதோ அது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இருமல் மட்டுப்படும். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வர வாய்ப்பிருக்கிறது.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் ஒன்றில் 5 மில்லியில் 125, இன்னொன்றில் 5 மில்லியில் 250. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னால், சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. "போன தடவை 6 மில்லி கொடுத்தோம்" என்று நினைவை வைத்துச் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். கல்லீரல் கெட்டுப்போகும். பாட்டில் மாறினால் லேபிளைப் படியுங்கள், புரியவில்லை என்றால் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

வீட்டுப் பெரியவர்கள் அன்போடு செய்யும் மூன்று காரியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களைக் குறைசொல்ல எழுதவில்லை. அந்தக் கைகள் வளர்த்த பிள்ளைகள்தான் நாமெல்லாம். ஆனாலும் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும். கற்பூரம் சேர்ந்த தைலங்களையும் இரண்டு வயதுக்குள் தொடக் கூடாது. குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இரண்டாவது. அந்த எண்ணெய் நேரே நுரையீரலுக்கு இறங்கி, ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். மூன்றாவது, ஆவி பிடிக்க வைப்பது. சட்டி சாய்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். சளி ஒரு வாரத்தில் போயிருக்கும், அந்தத் தழும்பு போகாது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, பீடி சிகரெட் புகை, விறகடுப்புப் புகை எல்லாமே சளிப் பிள்ளையின் மூச்சுப்பாதையை மேலும் வீங்க வைக்கும். சாம்பிராணி நல்லதுதானே என்று கேட்பார்கள். புகை எதுவானாலும் புகைதான் அம்மா.

விசில் சத்தத்தோடு அடிக்கடி இழுப்பு வரும் பிள்ளைகள் தனி. அவர்களில் பலருக்குத் தேவை ஸ்பேசர் என்ற குழாயோடு கூடிய இன்ஹேலர். அது பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. அப்புறம், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ கையில் இருந்தபோது திடீரென்று இருமலும் இழுப்பும் தொடங்கினால் அது தொற்றே இல்லை. மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். அந்த ஒரு விவரத்தை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் வாரக்கணக்கில் நிமோனியா என்றே வைத்தியம் நடக்கும்.

தடுப்பூசியை நான் பெரிதும் நம்புகிறேன். நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் தொடங்கியது. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமியான நியூமோகாக்கஸுக்கான பிசிவி ஊசி 2021-லிருந்து நம் மாநிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசி இது. சாதாரணச் சளி இருக்கிறது என்று தேதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தட்டம்மை ஊசியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான், தட்டம்மையில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது அதைத் தொடர்ந்து வரும் நிமோனியா.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கவனியுங்கள். எழுபது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் இருமலும் காய்ச்சலும் இல்லாமலேயே இருக்கலாம். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார், சாப்பாடு வேண்டாம் என்பார், கட்டிலை விட்டு எழ மாட்டார். "வயசாயிடுச்சுல்ல" என்று விட்டுவிடாமல் அவருக்கும் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கும் பிள்ளையைப் பைக்கில் நடுவில் வைத்துக்கொண்டு போவதைவிட ஆக்ஸிஜன் இருக்கும் வண்டி மேல். வழியில் குழந்தையைப் படுக்கப் போடாமல் அம்மா மடியில் சற்று நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். போர்த்துகிறேன் என்று முகத்தை மூட வேண்டாம். மூச்சு வாங்கும்போது வலுக்கட்டாயமாகப் பாலோ தண்ணீரோ புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். வந்து சேர்ந்ததும் எங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை மூச்சு எண்ணினீர்கள், எத்தனை மணிக்கு எண்ணினீர்கள் என்பது. பிறகு, கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் போனது, வீட்டில் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது. பெயர் நினைவில்லை என்றால் பரவாயில்லை, பாட்டிலையும் அட்டையையும் அப்படியே பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையும் கூடவே இருக்கட்டும்.